‘தாய்மாமன்’ என்று எழுத இடமில்லாத படிவம்: ஓர் உளவள ஆலோசனை நிலையம் பற்றிய மதிப்புரை

தென்சென்னையில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் இயங்கும் சிறிய உளவள ஆலோசனை நிலையத்துக்குக் கடந்த ஏழு மாதங்களில் ஐந்து முறை சென்று வந்திருக்கிறேன். தன்பாலீர்ப்புள்ள இளையோருக்கும் திருநங்கை, திருநம்பி முதலிய திருநர் இளையோருக்கும் அவர்களுடைய குடும்பத்தாருக்கும் ஆலோசனை வழங்குவதே அங்கு முதன்மையான பணி. நிலையத்தின் பெயரையும் தெருவையும் நான் எழுதப்போவதில்லை. உணவகத்தைப் பற்றியோ தையற்கடையைப் பற்றியோ எழுதுகிறவர் பெயரை மறைத்தால் அந்த எழுத்தால் யாருக்கும் பயனில்லை என்பதை அறிவேன். ஆனால் இந்த மாடிப்படியில் ஏறுகிறவர்களில் பலர் வீட்டுக்குத் தெரியாமல் வருகிறவர்கள். அவர்களுக்காகவே பெயர்ப்பலகையில் ‘உளவள ஆலோசனை’ என்ற இரண்டு சொற்களுக்கு மேல் எதையும் எழுதாமல் வைத்திருக்கிறார்கள். அதை நான் ஊருக்கு அறிவிப்பது முறையாகாது. இத்தகைய இடம் ஒன்றைத் தேடிப் போகும் பெற்றோரும் உறவினரும் அங்கே எதைக் கவனிக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள இந்த மதிப்புரை உதவினால் போதும். என் அக்காள் மகளின் ஒப்புதலோடுதான் எழுதுகிறேன். முதல் படியை அவள் படித்துப் பார்த்து இரண்டு பத்திகளை முழுவதுமாக அடித்துவிட்டாள். அவை இங்கே இல்லை.

நான் தஞ்சாவூர் மாவட்டத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் 21 ஆண்டுகளாகத் தமிழாசிரியராக இருக்கிறேன். அக்காள் மகளுக்கு வயது 23, சென்னையில் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வேலை. தை மாதம் பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது, கொல்லைப்புறத்தில் நான் கரும்பு வெட்டிக்கொண்டிருந்த இடத்துக்கு வந்து, தான் ஒரு பெண்ணை விரும்புவதாகவும் மூன்று ஆண்டுகளாக இருவரும் அப்படித்தான் இருக்கிறார்கள் என்றும் சொன்னாள். அவளுடைய ஜாதகம் அதற்குள் இரண்டு தரகர்களின் கைக்குப் போயிருந்தது. “அம்மாகிட்ட நீங்கதான் சொல்லணும், மாமா” என்றாள். காதுகுத்துக்கு மடியில் வைத்தவன், சடங்குக்குச் சீர் கொண்டுபோனவன் என்ற முறையில் இந்தப் பொறுப்பும் எனக்கு வந்து சேர்ந்தது. நான் சொன்னேன். அக்காள் இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள், “ஒரு நல்ல டாக்டரா பாரு தம்பி” என்றாள்.

நான் பார்த்த முதல் மருத்துவர் நல்லவர் அல்லர் என்பது என் கணிப்பு. ஊரையும் பெயரையும் விட்டுவிடுகிறேன். அறைக்குள் நுழைந்ததும் பெண்ணை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு எங்களிடம் மட்டுமே பேசினார். ஆறு மாதத்தில் மாற்றிவிடலாம் என்றும், மாத்திரை எழுதித் தருவதாகவும், இடையில் நல்ல வரன் வந்தால் முடித்துவிடுவது உதவியாக இருக்கும் என்றும் சொன்னார். அக்காளின் முகத்தில் அன்றுதான் பல நாட்களுக்குப் பிறகு சிறிது தெளிவு தெரிந்தது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். எனக்கும் அந்தச் சொற்கள் ஆறுதலாகவே இருந்தன. அக்காள் மகளிடம் சொன்னபோது அவள் அழவில்லை, கோபப்படவும் இல்லை. கைப்பேசியில் சில பக்கங்களை எடுத்து, “படிச்சிட்டு அப்புறம் பேசுங்க, மாமா” என்று கொடுத்தாள்.

படித்தேன். தன்பாலீர்ப்பை மனநோய்ப் பட்டியலிலிருந்து அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973-இலும், உலக நலவாழ்வு அமைப்பு 1990-ஆம் ஆண்டு மே 17 அன்றும் நீக்கிவிட்டன. அது நோயன்று என்று இந்திய மனநல மருத்துவர் சங்கம் 2018-இல் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறது. ஒருவர் வாழும் சமூகத்தின் ஒழுக்க, பண்பாட்டு மதிப்பீடுகளோடு அவர் ஒத்துப்போகவில்லை என்பதற்காக அவருக்கு மனநோய் என்று தீர்மானிக்கக் கூடாது என 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் கூறுகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, எங்கள் உயர்நீதிமன்றத்திலேயே, பெற்றோருக்கு அஞ்சி மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த இரண்டு இளம்பெண்களின் வழக்கில், 2021 ஜூன் 7 அன்று நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் பிறப்பித்த ஆணை, ஒருவருடைய பாலீர்ப்பை ‘மாற்றுவதாக’ச் சொல்லிச் செய்யும் சிகிச்சைகளைத் தடை செய்தது. அந்த ஆணையைத் தொடர்ந்து 2022-இல் தேசிய மருத்துவ ஆணையம் அத்தகைய சிகிச்சையைத் தொழில்முறை ஒழுங்கீனம் என்று அறிவித்தது. எங்களுக்கு ஆறு மாதக் கணக்குச் சொன்ன மருத்துவர், செய்யக் கூடாத ஒன்றைக் கட்டணம் வாங்கிக்கொண்டு செய்யத் தயாராக இருந்தார் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்த வழக்கில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது வேறொரு செய்தி. இந்தப் பொருளில் தனக்குத் தெளிவு போதாது என்று வெளிப்படையாகச் சொன்ன நீதிபதி, தீர்ப்பு எழுதுவதற்கு முன்பு தாமே ஓர் உளவியலாளரிடம் அமர்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார். நீதிபதியே அப்படிச் செய்யும்போது தமிழாசிரியன் செய்யாமலிருக்கலாமா?

இப்படித்தான் மருந்துக்கடை மாடிக்கு வந்து சேர்ந்தோம். நேரம் கேட்டு மூன்று வாரம் காத்திருக்க வேண்டியிருந்தது. 22 படிகள், மின்தூக்கி இல்லை. முழங்கால் வலியுள்ள பெற்றோர் வரும் இடத்துக்கு இது குறைதான். மேலே ஒரு சிறு கூடமும் இரண்டு அறைகளும் இருக்கின்றன. கூடத்தில் தன்பாலீர்ப்பினருக்கும் திருநருக்கும் அடையாளமான வானவில் கொடியோ சுவரொட்டியோ இல்லை; ஒரு மணிபிளாண்ட், ஒரு தண்ணீர்க் குடுவை, பழைய வார இதழ்கள். அக்காள் இதைக் கண்டு பெருமூச்சு விட்டாள். கொடி தொங்கியிருந்தால் அன்றே திரும்பியிருப்பாள் என்று பிறகு சொன்னாள். கொடியைப் பார்த்தால்தான் தைரியம் வரும் என்று நினைக்கும் இளையோரும் இருப்பார்கள். இந்த நிலையம் பெற்றோரைக் கருதிச் சுவரை வெறுமையாக விட்டிருக்கிறது. அறைகளுக்கு உள்ளே, மேசை ஓரத்தில், விரல் நீளத்தில் ஒரு கொடி இருக்கிறது.

ஆலோசகர்கள் இருவர். ஒருவர் நடுவயதைத் தாண்டிய மருத்துவ உளவியலாளர். இன்னொருவர் முப்பது வயதுக்குள் இருக்கும் பெண். முதல் நாள் எங்கள் மூவரையும் பார்த்ததும் மூத்தவர் எங்களிடம் பேசவில்லை. அக்காள் மகளைப் பார்த்து, அம்மாவும் மாமாவும் உள்ளே இருக்கலாமா, வேண்டாமா என்று கேட்டார். வேண்டாமென்றால் எங்கள் எதிரிலேயே அதைச் சொல்லலாம், அதற்குக் காரணம் கூற வேண்டியதில்லை என்றார். முன்பு பார்த்த மருத்துவர் அவளை வெளியே அனுப்பினார். இங்கே எங்களை வெளியே அனுப்பும் உரிமை அவளிடம் இருந்தது. அவள் எங்களை அனுப்பிவிட்டாள். ஐம்பது நிமிடம் கூடத்தில் பழைய வார இதழைப் புரட்டிக்கொண்டிருந்தோம். பிறகு அக்காளைத் தனியாக அழைத்தார்கள். கடைசியில்தான் மூவரும் ஒன்றாக உட்கார்ந்தோம்.

அக்காளுக்கு இருந்த கேள்விகள் எந்தத் தாய்க்கும் இருக்கக்கூடியவையே. நான் வேலைக்குப் போய் அவளைப் பாட்டியிடம் விட்டதால் வந்ததா, பெண்கள் விடுதியில் தங்க வைத்ததால் வந்ததா, தகப்பன் சிறுவயதிலேயே போய்விட்டதால் வந்ததா, படிப்பு முடிந்தவுடன் திருமணம் செய்திருந்தால் வராமல் இருந்திருக்குமா என்று வரிசையாகக் கேட்டாள். மூத்த ஆலோசகர் ஒவ்வொன்றுக்கும் ‘இல்லை’ என்று சொல்லிக்கொண்டே வந்து, கடைசியில் ஒரு வார்த்தை சொன்னார்: “காரணத்தத் தேடுறேன்னு சொல்லி நீங்க குற்றவாளியத் தேடுறீங்கம்மா. இங்க குத்தமே நடக்கல.” அதைக் கேட்ட பிறகுதான் அக்காள் அழுதாள். அந்த ஒரு அமர்வுக்காகவே இந்த நிலையத்துக்கு ஐந்தில் நான்கு மதிப்பெண் கொடுக்கத் தயங்க மாட்டேன்.

ஐந்தாவது மதிப்பெண் போனது தமிழால். இளைய ஆலோசகர் அன்பானவர், பொறுமைசாலி. ஆனால் அவருடைய தொழிற்சொற்கள் அனைத்தும் ஆங்கிலத்தில் இருக்கின்றன, அவற்றுக்கு வெளியே அவரால் யோசிக்க முடியவில்லை. டிரிகர், பிராசஸ், பவுண்டரி, வேலிடேட் என்று அவர் பேசப் பேச, அக்காள், மருத்துவர் எதிரில் எல்லாரும் தலையாட்டுவதுபோலத் தலையாட்டிக்கொண்டிருந்தாள். திரும்பும்போது ஆட்டோவில் என்னிடம், “ஏன் தம்பி, அந்தப் பொண்ணு பவுண்டரி போடணும்னு சொல்லிச்சே, கிரிக்கெட்லயா?” என்று கேட்டாள். அக்காள் மகள் அன்று சிரித்த சிரிப்பைப் பல மாதங்களுக்குப் பிறகு கேட்டேன் என்பது வேறு விஷயம். ஐம்பது நிமிடத்தில் பாதி புரியாமல் போனதற்கும் சேர்த்துத்தான் கட்டணம் செலுத்தியிருக்கிறோம்.

இதைவிடப் பெரிய குறை அவர்களுடைய படிவத்தில் இருந்தது. முதல் நாள் கொடுக்கப்படும் நான்கு பக்கப் படிவம் ஆங்கிலத்தில் நன்றாகவே இருக்கிறது. உங்களை எப்படி அழைக்க வேண்டும், வீட்டுக்குத் தொலைபேசியில் பேசலாமா, பேசினால் யார் என்று சொல்ல வேண்டும் என்றெல்லாம் கவனமாகக் கேட்கிறது. அதன் தமிழ் வடிவம் ஏதோ இயந்திரத்தில் போட்டு எடுத்ததுபோல இருந்தது. ‘பாலியல் விருப்பம்’ என்று ஒரு கட்டம். விருப்பம் என்றால் என்ன? காப்பியா தேநீரா என்பது விருப்பம். அக்காள் அந்தச் சொல்லில் விரலை வைத்து, “விருப்பந்தானே, மாத்திக்கக் கூடாதா?” என்று என்னிடம் கேட்டாள். மூத்த ஆலோசகர் பின்பு அரைமணி நேரம் போராடி நீக்க வேண்டியிருந்த எண்ணத்தை, படிவம் அதற்கு முன்பே அவள் மனதில் விதைத்துவிட்டது. ‘பாலீர்ப்பு’ என்ற நல்ல சொல் இருக்கிறது. ஈர்ப்பு நம்மைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை என்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. உயர்நீதிமன்றம் கேட்டுக்கொண்டதன் பேரில், பயன்படுத்த வேண்டிய சொற்களின் பட்டியலைத் தமிழ்நாடு அரசு 2022 ஆகஸ்டில் அரசிதழிலேயே வெளியிட்டுவிட்டது. பத்திரிகைகள் இழிவான சொற்களை எழுதாமலிருக்க வேண்டும் என்பதற்காக வந்த பட்டியல் அது. இதே துறையில் பணிசெய்யும் ஒரு நிலையம் அதைப் பார்க்காமலிருப்பதற்கு மன்னிப்பு இல்லை.

மூன்றாம் பக்கத்தில் இருந்த கேள்வி இதைவிட மோசம்: ‘உங்கள் அடையாளத்தை எப்போது ஒப்புக்கொண்டீர்கள்?’ ஆங்கிலத்தில் அங்கே இருந்த சொல்லுக்கு ‘ஏற்றுக்கொள்ளுதல்’ என்று பொருள். தமிழில் இந்த இரண்டு சொற்களும் அண்டை வீட்டுக்காரர்கள் போலத் தோன்றினாலும் இரண்டும் வேறு வேறு தெருவில் இருப்பவை. கடனை ஒப்புக்கொள்வோம், காவல் நிலையத்தில் குற்றத்தை ஒப்புக்கொள்வார்கள், வகுப்பில் கண்ணாடியை உடைத்த பையன் மூன்றாம் முறை கேட்டதும் ஒப்புக்கொள்வான். விருந்தையும், பொறுப்பையும், ஒரு மனிதரையும் ஏற்றுக்கொள்கிறோம். தன் இயல்பை ஒருவர் பல ஆண்டுகள் தனக்குத் தானே ஒப்புக்கொண்டபடியே இருக்க முடியும். ஒவ்வொரு இரவும் உள்ளே ஒரு விசாரணை நடந்துகொண்டிருக்கும். அக்காள் மகள் பதினைந்து வயதில் ஒப்புக்கொண்டுவிட்டதாகவும், ஏற்றுக்கொண்டது சென்ற ஆண்டுதான் என்றும் அந்தப் படிவத்தின் ஓரத்தில் எழுதியிருந்தாள். அதை அவளே எனக்குக் காட்டியதால் இங்கே எழுதுகிறேன். அவள் என் மாணவியும்கூட. பத்தாம் வகுப்பில் இலக்கணத்துக்கு முழு மதிப்பெண் வாங்கியவள்.

இலக்கணம் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. ஆண்மை திரிந்தோரைக் குறிக்கும் பெயரை எந்தத் திணையில் சேர்ப்பது என்ற கேள்விக்குத் தொல்காப்பியம் சொல்லதிகாரத்தின் தொடக்கத்திலேயே உயர்திணை என்று விடை சொல்லிவிடுகிறது. நான் அந்த நூற்பாவை 21 ஆண்டுகளாக நடத்துகிறேன். வகுப்பின் கடைசி வரிசையில் அதைக் கேட்டுக்கொண்டு அமைதியாக உட்கார்ந்திருந்த பிள்ளைகளைப் பற்றி ஒரு நாளும் நினைத்ததில்லை. பள்ளிகளில் திருநர் குழந்தைகளை எப்படி நடத்த வேண்டும் என்பதற்காகத் தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழு ஆசிரியர்களுக்கென்று ஒரு கையேட்டை 2021-இல் வெளியிட்டு, எதிர்ப்பு எழுந்ததும் இணையத்திலிருந்து எடுத்துவிட்டது. எங்கள் ஆசிரியர் அறையில் அந்தக் கையேடு வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது.

மீண்டும் நிலையத்துக்கு வருகிறேன். அவர்களிடம் நான் கண்ட மிகச் சிறந்த பண்பு, கேட்டதை வெளியே விடாதது. இரண்டாம் அமர்வுக்குப் பிறகு அக்காள் மூத்த ஆலோசகரைத் தனியே பிடித்து, மகள் உள்ளே என்ன சொன்னாள் என்று கேட்டாள். சொல்ல இயலாது என்றார். பணம் கொடுப்பது தான் என்று அக்காள் குரலை உயர்த்தினாள். பணத்தை வேண்டுமானால் திருப்பித் தருகிறேன், சொன்னதைத் தர முடியாது என்று அவர் சிரித்தபடியே சொன்னார். அக்காளுக்கு அன்று கோபம்; இரண்டு மாதம் கழித்து அவளே, தான் உள்ளே பேசியதும் மகளுக்குப் போகாது என்ற நம்பிக்கையில்தான் மனதைத் திறக்க முடிந்தது என்றாள். எந்த ஆலோசகரிடம் போனாலும் முதல் நாளிலேயே இதைச் சோதித்துப் பாருங்கள். பிள்ளை சொன்னதைப் பெற்றோரிடம் சொல்லிவிடுகிறவர், பெற்றோர் சொன்னதையும் யாரிடமாவது சொல்லிவிடுவார்.

மாதத்தின் இரண்டாம் ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக்கு அங்கே பெற்றோர் வட்டம் நடக்கிறது. கட்டணம் இல்லை. என் கணிப்பில் இந்த நிலையத்தின் உண்மையான மதிப்பு இதில்தான் இருக்கிறது. ஆலோசகர்கள் ஓரமாக உட்கார்ந்துகொள்கிறார்கள். பேசுகிறவர்கள் எல்லாரும் அம்மாக்களும் அப்பாக்களும் என்பதால் அங்கே பேசப்படும் தமிழ் அனைவருக்கும் புரிகிறது. நாங்கள் போன முதல் வட்டத்தில் பதினொரு பேர் இருந்தோம். ஆண்கள் என்னையும் சேர்த்து இருவர். வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர், மகளாக வளர்த்த பிள்ளை திருநம்பி என்று அறிந்த பிறகு கடந்துவந்த நான்கு ஆண்டுகளைப் பற்றிப் பேசினார். மாவட்ட ஆட்சியரிடம் அடையாளச் சான்றிதழுக்கு விண்ணப்பித்ததையும், பள்ளிச் சான்றிதழில் பெயர் மாற்ற அலைந்ததையும் கோப்பு எண்ணைச் சொல்வதுபோல நிதானமாக விவரித்தவர், ‘மகன்’ என்று முதல் முறை வெளியாளிடம் சொன்ன நாளைப் பற்றிச் சொல்ல வந்தபோது மட்டும் நிறுத்திக்கொண்டு தேநீரை எடுத்துக்கொண்டார். யாரும் அவரைத் தொடரச் சொல்லவில்லை. அக்காள் அன்று ஒரு வார்த்தையும் பேசவில்லை. வீட்டுக்குத் திரும்பும் பேருந்தில், செங்கல்பட்டைத் தாண்டிய பிறகு, “நம்ம மட்டும் இல்ல, இல்லையா?” என்றாள்.

நாங்கள் மட்டும் இல்லைதான். 2017-இல் மும்பையில் தொடங்கிய ‘ஸ்வீகார்’ என்ற பெற்றோர் குழுவைப் பற்றி அந்த வட்டத்தில்தான் கேள்விப்பட்டேன். அந்தப் பெயருக்கே ஏற்பு என்று பொருள். திருமண உரிமை வழக்கு உச்ச நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருந்த 2023 ஏப்ரலில், எங்கள் பிள்ளைகளின் திருமணத்தைச் சட்டம் ஏற்பதை நாங்கள் எங்கள் வாழ்நாளில் பார்க்க வேண்டும் என்று நானூறுக்கும் மேற்பட்ட பெற்றோர் தலைமை நீதிபதிக்குக் கடிதம் எழுதினார்கள். அவ்வளவு பெற்றோர் தங்கள் பெயரைத் தாளில் எழுதக் கொடுத்தார்கள் என்பதை அக்காளால் நம்ப முடியவில்லை. எங்கள் ஊரில் வரன் பார்க்கும் வீட்டில் இந்தச் செய்தி தெரிந்தால் என்னவாகும் என்பதுதான் இன்றுவரை அவளுக்குப் பெரிய கவலை. நிலையம் இந்தக் கவலையை அற்பமாக நினைப்பதில்லை. யாருக்கு, எப்போது, எவ்வளவு சொல்வது என்பதை முடிவு செய்ய வேண்டியவள் மகள்தான், அம்மா முந்திக்கொண்டு சொல்லவும் வேண்டாம், கேட்பவர்களிடம் பொய்யான மாப்பிள்ளைக் கதை சொல்லவும் வேண்டாம் என்பது அவர்கள் கொடுத்த ஆலோசனை. ‘இப்போதைக்குப் பார்க்கவில்லை’ என்ற இரண்டு சொற்களை அக்காளுக்குப் பழக்கிவிட்டார்கள். தரகர்களுக்கு இப்போது அதுதான் பதில்.

ஜூன் மாதம் சென்னையில் நடக்கும் வானவில் பேரணிக்கு யாரையும் அவர்கள் கட்டாயப்படுத்துவதில்லை என்பதையும் பாராட்டிச் சொல்ல வேண்டும். விருப்பமுள்ள பெற்றோர் சிலர் சேர்ந்து போகிறார்கள். சென்னையின் முதல் பேரணி 2009 ஜூன் 28 அன்று நடந்தது. நான்கே நாள் கழித்து, ஜூலை 2 அன்று, தன்பாலின உறவைக் குற்றமாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவைத் தில்லி உயர்நீதிமன்றம் சுருக்கித் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 2013-இல் கவிழ்த்து, 2018 செப்டம்பர் 6 அன்று மீண்டும் நிமிர்த்திய கதை பலருக்கும் தெரியும். சட்டம் தங்களைக் குற்றவாளிகள் என்று சொல்லிக்கொண்டிருந்த நாளில் நடந்தவர்களின் துணிவை, சட்டம் விலகிப் பல ஆண்டுகளான பிறகு போன என்னுடைய துணிவோடு ஒப்பிட்டுப் பார்த்து வெட்கப்பட்டேன். முதல் பத்து நிமிடம் முகக்கவசம் அணிந்திருந்தேன்; மாணவர்களின் பெற்றோர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற பயம். மேளம் அடித்துக்கொண்டு வந்த ஒரு பையன் “மூச்சு முட்டலையா, சார்?” என்று கேட்டான். வெயிலைத்தான் சொன்னான் என்று நினைக்கிறேன். கழற்றிவிட்டேன்.

நிலையத்தால் முடியாதவையும் இருக்கின்றன. சட்டம் பற்றிக் கேட்டால் தடுமாறுகிறார்கள். இவளும் அந்தப் பெண்ணும் திருமணம் செய்தால் செல்லுமா என்று அக்காள் ஒரு நாள் கேட்டுவிட்டாள். அவள் அதைக் கேட்கும் நிலைக்கு வந்ததே பெரிது. ஆனால் இளைய ஆலோசகர் மழுப்பலாக ஏதோ சொல்லி ஒரு வழக்கறிஞரின் எண்ணைக் கொடுத்தார். செல்லாது என்பதே நேரான விடை. 2023 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றம், தன்பாலினத் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு கொடுப்பது நாடாளுமன்றத்தின் வேலை என்று சொல்லிவிட்டது. அதற்கடுத்த மாதமே சென்னை உயர்நீதிமன்றம், இத்தகைய இணையர் தங்களுக்குள் எழுதிக்கொள்ளும் குடும்ப உறவு ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய வழிசெய்யலாமே என்று அரசுக்கு யோசனை சொன்னது. 2025 மே மாதம் அதே நீதிமன்றம், பெற்றோர் பிடித்துவைத்திருந்த 25 வயதுப் பெண் ஒருவரின் வழக்கில், அவர் தன் இணையரோடு செல்ல உரிமையுள்ளவர் என்று தீர்ப்பளித்து, திருமணம் ஒன்றுதான் குடும்பம் அமைக்கும் வழி என்பதில்லை என்றும், தேர்ந்துகொண்ட குடும்பம் என்பதும் சட்டத்தில் இடம்பெற்றுவிட்டது என்றும் கூறியது. பிள்ளையைக் காணவில்லை என்று காவல் நிலையத்துக்கு ஓடுவதற்கு முன்பு ஒவ்வொரு பெற்றோரும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். காவலர்கள் இத்தகையோரைத் துன்புறுத்தக் கூடாது என்று தமிழ்நாட்டுக் காவல்துறையின் நடத்தை விதிகளில் 2022-இல் திருத்தமே வந்திருக்கிறது. இவற்றையெல்லாம் ஒரே தாளில் தமிழில் அச்சிட்டு மணிபிளாண்ட் பக்கத்தில் வைத்தால் நிலையத்துக்கு என்ன செலவாகிவிடும்?

இரவு நேரத்தில் இவர்கள் கிடைக்க மாட்டார்கள். மாலை ஏழு மணிக்கு மேல் அழைத்தால், அவசரம் என்றால் 14416-ஐ அழைக்கும்படி பதிவு செய்த குரல் சொல்கிறது. அது 2022 அக்டோபரில் தொடங்கிய ‘டெலி மானஸ்’ என்ற அரசு மனநல உதவி எண். இரவு பகல் எந்நேரமும் தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை. தன் எல்லையைச் சொல்லி வேறு இடத்தைக் காட்டுவது நேர்மைதான். காணொளி வழி அமர்வை ஒரு முறை முயன்றோம். எங்கள் ஊர் இணைப்பில் அது சரிப்படவில்லை. ஐம்பது நிமிடத்துக்கு 1,500 ரூபாய். வருமானம் இல்லாதவர்களுக்கும் மாணவர்களுக்கும் 500 ரூபாய், அதற்குச் சான்று எதுவும் கேட்பதில்லை. பேருந்துச் செலவையும் சேர்த்தால் எங்களைப் போன்றவர்களுக்கு இது சிறிய தொகையன்று.

போவதற்கு முன்பே எதையாவது படிக்க விரும்புகிறவர்களுக்கு, சென்னையில் 2003 முதல் தன்னார்வலர்களால் நடத்தப்படும் ‘ஓரினம்’ குழுவின் இணையதளத்தைச் சொல்வேன். தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதுகிறார்கள். நிறங்கள் வேறுபட்டாலும் மனிதரில் வேறுபாடில்லை என்று பாரதி பூனைக்குட்டிகளை வைத்துச் சொன்ன கருத்துத்தான் அவர்களுடைய முழக்கம். அக்காளுக்குப் பாரதி பெயரைக் கேட்டதும் பாதி பயம் போயிற்று. அவர்களுடைய சொற்பட்டியலை வைத்துத்தான் நான் நிலையத்தின் படிவத்தைத் திருத்தினேன்.

ஆம், திருத்தினேன், தொழிற்புத்தி விடவில்லை. சிவப்பு மையில் நான்கு பக்கத்தையும் திருத்தி, இரண்டாம் வருகையின்போது மூத்த ஆலோசகரிடம் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார், நன்றி சொன்னார், அதன் பிறகு பேச்சே இல்லை. அக்காள் இப்போது எந்த இடத்தில் இருக்கிறாள் என்று கேட்டால், பொறுத்துக்கொள்ளும் இடத்தில் என்பேன், ஒப்புக்கொண்டுவிட்டாள், ஏற்றுக்கொள்ளவில்லை. மகள் விரும்பும் அந்தப் பெண்ணை ஆடிப்பெருக்கன்று வீட்டுக்கு அழைத்தாள், சித்ரான்னம் பரிமாறினாள், அவள் கிளம்பிய பிறகு ஒரு மணி நேரம் யாரோடும் பேசவில்லை. நிலையத்தில் இதைச் சொன்னபோது, அவசரப்படுத்த வேண்டாம், சித்ரான்னம் பரிமாறியதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள்.

சென்ற ஞாயிறு ஐந்தாம் முறையாகப் போனபோது, ஆறு மாதத்துக்கு ஒரு முறை விவரங்களைப் புதுப்பிக்க வேண்டும் என்று மறுபடியும் படிவம் கொடுத்தார்கள். புதிதாக அச்சிட்டிருந்தார்கள். ‘பாலியல் விருப்பம்’ போய்ப் ‘பாலீர்ப்பு’ வந்திருந்தது. ‘எப்போது ஒப்புக்கொண்டீர்கள்’ என்ற கேள்வியையே எடுத்துவிட்டார்கள். ஒற்றுப்பிழைகளில் பாதி அப்படியே இருந்தன. உடன் வந்தவரின் உறவு என்ற இடத்தில் முன்பு பெற்றோர், பாதுகாவலர், வாழ்க்கைத்துணை, பிற என்று நான்கு கட்டங்கள்தான் இருந்தன. நான் ‘பிற’ என்பதில் குறியிட்டிருந்தேன். இப்போது அந்த இடத்தில் ஒரு வெற்றுக்கோடு இருந்தது. ‘தாய்மாமன்’ என்று எழுதினேன். அக்காள் தன் படிவத்தில் ‘வந்த காரணம்’ என்பதை இந்த முறையும் நிரப்பாமல் என்னிடம் கொடுத்து, “நீயே ஏதாச்சும் எழுது” என்றாள். நான் மறுத்துவிட்டேன். பேனாவை வாங்கிக்கொண்டாள், நாங்கள் உள்ளே அழைக்கப்படும் வரை அதை மூடவில்லை.